கோடையில் கறுப்பு வெள்ளைக் காமெடி: அமெரிக்க மறுஒளிபரப்புச் சேனல்கள் எவ்வளவு தருகின்றன, எவ்வளவு வெட்டுகின்றன?

அமெரிக்காவில் மே மாதக் கடைசியில் பெரிய நெட்வொர்க்குகளின் சீசன் முடிந்துவிடும். அடுத்த சீசன் செப்டம்பரில்தான். அந்த இடைவெளியில் களைகட்டுபவை மீ-டிவி, ஆன்டெனா டிவி, கேட்சி காமெடி மாதிரியான பழந்தொடர் சேனல்கள். கூரையிலோ ஜன்னலோரத்திலோ ஒரு ஆன்டெனா இருந்தால் போதும், சந்தா கிடையாது. 'ஐ லவ் லூசி', 'தி ஹனிமூனர்ஸ்', 'தி டிக் வான் டைக் ஷோ', 'தி ஆண்டி க்ரிஃபித் ஷோ', 'லீவ் இட் டு பீவர்' என்று அறுபது, எழுபது வருடத்துக்கு முந்தைய காமெடிகள் இவற்றில் மாறி மாறி வந்துகொண்டே இருக்கும்.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். தொடர்களின் தேர்வுக்கு முழு மதிப்பெண். படத் தரம் பாஸ் மார்க். எபிசோடை முழுசாகக் காட்டுவதில் எல்லாச் சேனல்களும் ஃபெயில். அதனால் எதை இங்கே பார்க்கலாம், எதற்கு டிஸ்க் வாங்க வேண்டும் என்று பிரித்து வைத்துக்கொள்வது நல்லது.

மீ-டிவி சிகாகோவின் வெய்கல் ப்ராட்காஸ்டிங் நிறுவனத்துடையது. 2010 டிசம்பர் 15 அன்று நாடு முழுக்கப் போனது. ஆன்டெனா டிவி இரண்டே வாரம் கழித்து, 2011 ஜனவரி 1 அன்று வந்தது. கேட்சி காமெடியும் வெய்கலின் சேனல்தான். 'டிகேட்ஸ்' என்ற பெயரில் ஓடியது 2023 மார்ச்சில் பெயர் மாறியது. மூன்றில் மீ-டிவியின் அட்டவணைதான் நம்பகமானது, ஒரு தொடருக்கு ஒரு நேரம் என்று பழகிக்கொள்ளலாம். கேட்சி காமெடி வார இறுதியில் ஒரே தொடரை விடாமல் ஓட்டும்.

கோடையில் இப்படி ஒரே தொடரை ஒரு இரவு முழுக்கப் போடும் பழக்கத்தை நிலைநிறுத்தியது, நிக்கலோடியன் என்ற கேபிள் சேனலின் இரவுப் பகுதியான நிக் அட் நைட். 1990-களின் கோடைகளில் திங்கள் என்றால் மன்ஸ்டர்ஸ், செவ்வாய் என்றால் லூசி, புதன் பிவிட்ச்ட், வியாழன் ஜீனி என்று இரவுகளைப் பங்கு போட்டுக் கொடுத்தார்கள். புதிதாக ஒரு தொடரை அறிமுகம் செய்துகொள்ள அது நல்ல வழிதான். ஆனால் வாரத்துக்கு ஒன்று என்று கணக்குப் போட்டு எழுதப்பட்ட காமெடியை நாலு மணி நேரம் சேர்ந்தாற்போல் பார்த்தால் கதையின் அச்சு தெரிய ஆரம்பித்துவிடும். லூசி ஒரு ஆசைப்படுவாள், கணவன் ரிக்கி வேண்டாம் என்பான், தோழி எத்தெல் இழுத்துவரப்படுவாள். மூன்றாவது எபிசோடில் அலுப்பு தட்டினால் தொடர்மேல் பழி இல்லை. ஒரு நாளைக்கு இரண்டு என்பது சரியான அளவு.

வெட்டு எங்கே விழுகிறது

1950-களின் அரை மணி நேரக் காமெடி, விளம்பரம் போக ஏறக்குறைய 25 முதல் 26 நிமிடம் ஓடும். இன்றைக்கு அதே அரை மணி நேர இடத்தில் விளம்பரம் பெருத்துவிட்டதால் நிகழ்ச்சிக்குக் கிடைப்பது 22 நிமிடம், சில நேரம் அதற்கும் குறைவு. ஆக 3 நிமிடத்துக்கு மேல் போய்விடுகிறது, எட்டில் ஒரு பங்கு.

வேகத்தைக் கூட்டிச் சரிக்கட்டும் சேனல்களும் உண்டு. அதில் ஒரு எல்லை இருக்கிறது. 4 சதவீதம் வேகப்படுத்தினால் 25 நிமிட எபிசோடில் மிச்சமாவது ஒரு நிமிடத்துக்கும் குறைவு. 22-க்குள் அடைக்க 13, 14 சதவீதம் வேண்டும். அந்த வேகத்தில் நடிகர்கள் ஓடுவதுபோலத் தெரியும், பேச்சு கீச்சிடும். அதனால் வேகப்படுத்தினாலும் கத்திரிக்கோல் தப்பாது.

முதலில் போவது கடைசிக் குட்டிக் காட்சி, அதாவது கதை முடிந்த பிறகு வரும் அரை நிமிடச் சிரிப்பு. அடுத்து பாட்டு. 'ஐ லவ் லூசி'யில் ரிக்கி ஒரு க்ளப்பில் இசைக்குழு நடத்துபவன் என்பதால், அவனாக நடித்த டெசி ஆர்னாஸின் பாட்டுகள் வசதியாகக் கழன்றுவரும். கதை கெடாது என்று நினைத்து எடுத்துவிடுகிறார்கள். ரிக்கி மேடையில் எவ்வளவு கெட்டிக்காரன் என்று தெரியாமல் லூசி ஏன் அந்த மேடைக்கு ஏங்குகிறாள் என்பது எப்படிப் புரியும்?

மோசமான வெட்டு, திரும்பத் திரும்ப வரும் செயலில் விழுவது. 1952 மே 5 அன்று ஒளிபரப்பான டானிக் விளம்பர எபிசோடை எடுத்துக்கொள்ளுங்கள். லூசி ஒரு சத்து மருந்துக்கு விளம்பரம் செய்கிறாள். மருந்தில் மது கலந்திருக்கிறது. ஒத்திகைக்கு ஒத்திகை ஒரு கரண்டி குடிக்கக் குடிக்க அதே வசனம் கொஞ்சம் கொஞ்சமாகக் குழறுகிறது. அந்தப் படிகளில் ஒன்றை எடுத்தால் திடீரென்று போதை ஏறியதுபோல் ஆகிவிடும். லூசியாக நடிக்கும் லூசில் பால் நாக்கை எங்கே தடுமாற விடுகிறார், எங்கே சமாளிக்கிறார் என்ற கணக்கே அந்தக் காட்சியின் உயிர்.

ஆண்டி க்ரிஃபித்தில் பிரச்சினை வேறு. அங்கே வெட்டப்படுவது மௌனம். 1963 ஜனவரி 14 அன்று வந்த 'மேன் இன் எ ஹரி' எபிசோடில், ஞாயிற்றுக்கிழமை கார் ரிப்பேராகி ஊரில் சிக்கிக்கொண்ட ஒரு அவசரக்காரர் இருக்கிறார். திண்ணையில் ஊர் ஷெரீஃபான ஆண்டி கிட்டார் மீட்டுகிறார். அவருடைய உதவியாளர் பார்னி, வீட்டுக்குப் போய்க் கொஞ்சம் தூங்கிவிட்டுத் தன் காதலி தெல்மா லூ வீட்டில் டிவி பார்க்கப் போவதாகச் சொல்கிறார். சொல்லிவிட்டு அசையாமல் உட்கார்ந்திருக்கிறார். மறுபடி அதையே சொல்கிறார். வந்தவர் பொறுமை இழந்து வெடிக்கும்வரை அந்த மந்தகதி நீளவேண்டும். அதைச் சுருக்கினால் அந்த எபிசோட் எதைப் பற்றியதோ அதையே எடுத்துவிட்டதாக அர்த்தம்.

வெட்டு விழுந்திருக்கிறதா என்று கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. பழைய எபிசோடில் விளம்பர இடைவெளி வரும் இடத்தில் காட்சி மெல்ல இருண்டு கறுப்பாகும். அப்படி இருளாமல் காட்சி நடுவே சட்டென்று விளம்பரம் பாய்ந்தால் அது பிறகு செருகிய இடைவெளி. அப்படி இரண்டு மூன்று இருந்தால், அதே பிரதியில் வேறெங்கோ கத்தியும் பட்டிருக்கும் என்று வைத்துக்கொள்ளலாம். ஒரே ஷாட்டுக்குள் பின்னணி இசை குதித்தாலும் அதே அடையாளம்.

ரேட்டிங் கணக்கை எப்படிப் படிப்பது

இந்தத் தொடர்களைப் பற்றி எழுதுகிறவர்கள் எத்தனை பேர் பார்த்தார்கள் என்று அளக்கும் நீல்சன் நிறுவனத்தின் பழைய எண்களை வாரி இறைப்பார்கள். அவற்றின் பொருளைத் தெரிந்துகொண்டு படிக்க வேண்டும். ரேட்டிங் என்பது டிவி இருக்கும் வீடுகள் நூறில் எத்தனை பார்த்தன என்பது. பங்கு என்பது அந்த நேரத்தில் டிவி போட்டிருந்த வீடுகள் நூறில் எத்தனை என்பது. ஓர் உதாரணக் கணக்கு: குளிர்காலத்தில் நூற்றுக்கு 60 வீட்டில் டிவி ஓடி, 15 வீடு ஒரு தொடரைப் பார்த்தால் ரேட்டிங் 15, பங்கு 25. கோடையில் மாலை வெளிச்சம் நீண்டு, 44 வீட்டில் மட்டும் டிவி ஓடி, 11 வீடு பார்த்தால் ரேட்டிங் 11. பங்கு அதே 25. கோடை மறுஒளிபரப்பின் ரேட்டிங் சரிந்தது என்பதால் ஜனங்களுக்குத் தொடர் கசந்துவிட்டது என்று ஆகாது.

'ஐ லவ் லூசி' 1952-53 சீசனில் சராசரி 67.3 ரேட்டிங் வாங்கியது. 1953 ஜனவரி 19 அன்று குட்டி ரிக்கி பிறந்த எபிசோட் 71.7. சுமார் 4 கோடியே 40 லட்சம் பேர் பார்த்தார்கள். மறுநாள் ஐசனோவர் அதிபராகப் பதவியேற்றதைப் பார்த்தவர்கள் இதைவிடக் குறைவு. பிரமிக்க வைக்கும் எண்தான். ஆனால் அப்போது அமெரிக்க வீடுகளில் பாதிக்கும் குறைவானவற்றில்தான் டிவி இருந்தது. அந்த 71.7 என்பது டிவி வைத்திருந்த வீடுகளுக்குள் போட்ட கணக்கு. சேனல்களும் விரல்விட்டு எண்ணக்கூடியவை. அதை இன்றைய எண்ணோடு நேருக்கு நேர் வைப்பது பொருந்தாது.

கோடைக்கும் மறுஒளிபரப்புக்கும் உள்ள உறவு ஆரம்பத்தில் இப்போதுபோல் இல்லை. அன்றைய சீசனில் 39 வாரம் வரை புது எபிசோட் வரும். மிச்சம் 13 வாரம் கோடைக்கு. அந்த 13 வாரத்தை மாற்று நிகழ்ச்சி போட்டு நிரப்புவார்கள். 1952 கோடையில் லூசியின் இடத்தில் வந்தது 'மை லிட்டில் மார்ஜி'. அது ஓடிய ஓட்டத்தில் 1955 வரை தனித்தொடராகவே நீடித்தது. மறுஒளிபரப்பு உருவானது வேறு ஒரு கட்டாயத்தில். லூசில் பால் நிஜமாகவே கர்ப்பமாக இருந்ததால் படப்பிடிப்பைக் குறைக்க வேண்டியிருந்தது. பழைய எபிசோடுகளுக்குப் புதிதாக ஒரு முன்காட்சி எடுத்து, நினைவுகூர்வதுபோல் போட்டார்கள். ஜனங்கள் முகம் சுளிக்கவில்லை. பிறகு அதே ஜோடியின் ஒரு மணி நேர எபிசோடுகள் 13-ஐயும் சிபிஎஸ் நெட்வொர்க் 1962 முதல் கோடையில் மறுபடி போட்டது. 'தி லூசி-டெசி காமெடி ஹவர்' என்று இன்று நாம் சொல்லும் பெயரே அந்தக் கோடை மறுஒளிபரப்புக்கு வைத்ததுதான்.

இனி முக்கியமான விஷயம். முதல் ஒளிபரப்பின் ரேட்டிங்கை வைத்து, எது ஐம்பது வருடம் ஓடும் என்று யாராலும் சொல்லியிருக்க முடியாது. 'லீவ் இட் டு பீவர்' 1957 முதல் 1963 வரை 234 எபிசோட் ஓடியது. ஒரு வருடம்கூட முதல் 30-க்குள் வரவில்லை. 'டிக் வான் டைக் ஷோ' 1961-62 முதல் சீசனோடு மூட்டை கட்டும் நிலையில் இருந்தது. தயாரிப்பாளர் ஷெல்டன் லியனார்ட், ஸ்பான்சரான ப்ராக்டர் அண்ட் கேம்பிளைச் சந்திக்க சின்சினாட்டிக்கே போய்ப் பேசிக் காப்பாற்றினார். அடுத்த சீசனில் 'பெவர்லி ஹில்பில்லீஸ்' முடிந்த கையோடு இதைப் போட்டதும் 9-ஆம் இடத்துக்கு ஏறியது. அதற்கடுத்த வருடம் 3-ஆம் இடம். 'ஹனிமூனர்ஸ்' நாயகன் ஜாக்கி க்ளீசன் தன் முந்தைய நிகழ்ச்சியோடு 1954-55-இல் 2-ஆம் இடத்தில் இருந்தவர். 'ஹனிமூனர்ஸ்' அரை மணி நேரத் தொடரானதும் முதல் பத்தைவிட்டே வெளியே போனார். 1955 அக்டோபர் 1 முதல் 1956 செப்டம்பர் 22 வரை, ஒரே சீசன், 39 எபிசோட். அந்த 39-தான் நியூயார்க்கின் டபிள்யூபிஐஎக்ஸ் சேனலில் பல பத்தாண்டுகள் சுற்றிச் சுற்றி வந்து ஒரு தலைமுறைக்கு மனப்பாடம் ஆனது. ரேட்டிங்கிலும் மறுஒளிபரப்பிலும் ஒருசேர வென்றது என்றால் ஆண்டி க்ரிஃபித்தைச் சொல்லலாம். எட்டு சீசனில் ஒருமுறைகூட 7-ஆம் இடத்துக்குக் கீழே இறங்காமல், கடைசி வருடத்தில் முதலிடத்தில் இருக்கும்போதே விடைபெற்றது.

நிலைத்த தொடர்களுக்கெல்லாம் பொதுவானது ஒன்று உண்டு. அவை ஃபிலிமில் பிடிக்கப்பட்டவை.

ஃபிலிம், கினெஸ்கோப்

1951-இல் நியூயார்க்கிலிருந்து நேரலையாகப் போகும் நிகழ்ச்சி மற்ற ஊர்களுக்குக் கினெஸ்கோப்பாகப் போகும். டிவித் திரையை ஃபிலிம் கேமராவால் படம் எடுப்பதுதான் அது. விளிம்பெல்லாம் மங்கி, திரைக்கோடுகள் தெரிந்து, வெள்ளை வெளிறிப்போய் இருக்கும். லூசில் பாலும் டெசி ஆர்னாஸும் ஹாலிவுட்டிலேயே இருந்துகொண்டு, பார்வையாளர் முன்னால் மூன்று கேமராவில் 35 மி.மீ. ஃபிலிமில் எடுப்போம் என்றார்கள். ஒளிப்பதிவாளர் கார்ல் ஃப்ராய்ன்ட், ஜெர்மானிய ஊமைப்பட காலத்திலேயே பெயர் எடுத்தவர். மூன்று கேமராவும் ஒரே சமயத்தில் ஓடும்போது ஷாட்டுக்கு ஷாட் விளக்கை மாற்ற முடியாது. அதனால் மேலிருந்து சீரான ஒளி போட்டு, செட்டையே சாம்பலின் பல சாயல்களில் பூசி ஆழம் கொண்டுவந்தார். அந்த நெகட்டிவ் இருப்பதால்தான் இன்றும் பளிச்சென்று பார்க்கிறோம்.

ஹனிமூனர்ஸ் டுமான்ட் நிறுவனத்தின் எலெக்ட்ரானிகேம் கருவியில் எடுக்கப்பட்டது. ஒரே லென்ஸ் வழியாக வரும் காட்சியை டிவி கேமராவும் ஃபிலிம் கேமராவும் பங்கிட்டுக்கொள்ளும். அதனால் அந்த 39 எபிசோடும் தெளிவு. க்ளீசன் 1980-களில் வெளியே விட்ட 'தொலைந்த எபிசோடுகள்' கினெஸ்கோப்புகள். சேனலில் வரும்போது ஒன்றுக்குப் பின் ஒன்று பார்த்தால் வித்தியாசம் முகத்தில் அறையும். டிவியில் கோளாறு என்று நினைத்து அமைப்புகளைக் கிண்டவேண்டாம், மூலமே அப்படித்தான். 'பர்ன்ஸ் அண்ட் ஆலன்' தொடரும் 1950-இல் நேரலையாகத் தொடங்கி 1952-இல் ஃபிலிமுக்கு மாறியது. முதல் இரண்டு வருடத்து எபிசோடுகள் மங்கலாக இருப்பது அதனால்தான்.

வண்ணம் பூசிய பிரதிகள் தனிக் கதை. சிபிஎஸ் 2013 டிசம்பர் 20 அன்று லூசியின் இரண்டு எபிசோடை வண்ணமேற்றிப் போட்டபோது 87 லட்சம் பேர் பார்த்தார்கள். 2016-இல் டிக் வான் டைக்குக்கும் அப்படிச் செய்தார்கள். கவனமாகச் செய்த வேலைதான். ஆனாலும் சாம்பலுக்காகவே பூசிய சுவரில் நிறம் ஏறியதும் ஃப்ராய்ன்ட் கட்டிய ஆழம் தட்டையாகிவிடுகிறது, கண் நடிகரின் முகத்தை விட்டுத் திரைச்சீலைக்கும் சோபாவுக்கும் போகிறது. 'பிவிட்ச்ட்' முதல் இரண்டு சீசனும் (1964-66), 'ஐ ட்ரீம் ஆஃப் ஜீனி' முதல் சீசனும் கறுப்பு வெள்ளையில் எடுத்தவை. எந்தப் பிரதி என்று அட்டையில் பார்த்து வாங்குங்கள். வண்ணமேற்றிய பிரதிதான் கையில் இருக்கிறது என்றால் டிவியில் கலரைப் பூஜ்யத்துக்கு இறக்கிப் பாருங்கள், பெருமளவு சரியாகும்.

வீட்டில் சரிசெய்ய வேண்டியவை

இந்தச் சேனல்கள் பெரும்பாலும் உள்ளூர் நிலையத்தின் துணைச்சேனலாக வருகின்றன, திரையில் 5.2, 20.3 என்று தெரியும். ஒரே அலைவரிசையை நாலைந்து சேனல் பங்கிடுவதால் பெரும்பாலும் 480 வரிப் படம்தான் கிடைக்கும். 65 அங்குல டிவியில் பக்கத்தில் உட்கார்ந்தால் கட்டம் கட்டமாக உடையும். கொஞ்சம் தள்ளி உட்காருங்கள்.

சேனலே வரவில்லை என்றால் முதலில் மறுஸ்கேன் செய்யவேண்டும். நிலையங்கள் அலைவரிசை மாறும்போது பழைய ஸ்கேன் செல்லாது. அடுத்து, திரையில் தெரியும் எண் நிஜ அலைவரிசை எண் அல்ல என்பதைக் கவனியுங்கள். அமெரிக்கத் தகவல்தொடர்பு ஆணையமான எஃப்சிசியின் வரைபடத்தில் முகவரியைக் கொடுத்தால் நிஜ எண் தெரியும். அது 2 முதல் 6-க்குள் இருந்தால், சுவரில் ஒட்டும் தட்டை ஆன்டெனா பெரும்பாலும் பிடிக்காது. அந்த அலைநீளத்துக்கு அது ரொம்பச் சின்னது. நீளமான கம்பிகள் உள்ள ஆன்டெனா வேண்டும்.

படம் 4:3 விகிதத்தில், இருபுறமும் கறுப்புப் பட்டையோடு இருக்கவேண்டும். முகம் அகன்று தெரிந்தால் டிவி இழுத்து நிரப்புகிறது, தலை வெட்டுப்பட்டால் பெரிதாக்குகிறது. அசைவை வழவழப்பாக்கும் வசதியை நிறுத்துங்கள். நொடிக்கு 24 சட்டத்தில் எடுத்த ஃபிலிமுக்கு அது பொருந்தாது. ஷார்ப்னஸைக் குறையுங்கள். கறுப்பு வெள்ளைப் படத்தில் விளிம்போரம் பச்சையும் ஊதாவும் மினுங்கினால் அதற்கும் மருந்து கலரைப் பூஜ்யமாக்குவதுதான். படம் நீலம் பாய்ந்து தெரிந்தால் வண்ண வெப்பத்தை 'வார்ம்' பக்கம் மாற்றுங்கள். ஒலி மோனோ. செயற்கைச் சரவுண்டை அணைத்தால் பேச்சு தெளியும், பார்வையாளரின் சிரிப்பு வசனத்தை மூடாது.

பதிவு செய்கிறவர்களுக்கு: கோடைச் சிறப்பு வரிசைகள் சில நேரம் வேறு தலைப்பில் பட்டியலாகும். தொடர் பெயரை மட்டும் வைத்துப் பதிவு போட்டால் நழுவிவிடும், நேரத்தை வைத்தும் ஒன்று போட்டு, முடிவில் இரண்டு நிமிடம் கூடுதலாகக் கொடுங்கள்.

எதை எங்கே பார்ப்பது

'லீவ் இட் டு பீவர்', 'மன்ஸ்டர்ஸ்', 'ஆடம்ஸ் ஃபேமிலி' மூன்றையும் சேனலிலேயே தாராளமாகப் பார்க்கலாம். காட்சிகள் குட்டி குட்டி, வெட்டு அவ்வளவு வலிக்காது. லூசிக்குச் சேனல் அறிமுகம், பிடித்துப்போனால் ப்ளூரே. முதல் சீசன் 2014-இலும் இரண்டாவது 2015-இலும் வந்தன. சிகரெட் கம்பெனி ஸ்பான்சர் செய்த பழைய கார்ட்டூன் முகப்போடு, அன்று ஒளிபரப்பான வடிவத்திலேயே பார்க்கலாம். மறுஒளிபரப்பில் எல்லோரும் பார்த்துப் பழகிய பட்டுத்துணி இதயம் பிற்பாடு ஒட்டியது. டிக் வான் டைக்கின் 158 எபிசோடும் 2012 முதல் ப்ளூரேயில் உண்டு. இந்தப் பட்டியலில் படத் தரத்துக்காகவே வாங்கத் தகுந்தது அது.

ஹனிமூனர்ஸுக்கு டிஸ்க் மட்டுமே. ஒரே சமையலறை, இரண்டு பேர், நீண்ட வாக்குவாதம் என்று கட்டிய தொடர். கோபம் படிப்படியாக ஏறி, நண்பனாக வரும் ஆர்ட் கார்னி ஒரு சின்னச் செயலை ஆற அமரச் செய்து க்ளீசனை வெடிக்க வைப்பார். அதில் பத்து நொடி போனாலும் வெடிப்பு காரணமில்லாமல் வருகிறது.

ஆண்டி க்ரிஃபித்தில் முதல் ஐந்து சீசன், 159 எபிசோட், கறுப்பு வெள்ளை. பார்னியாக நடித்த டான் நாட்ஸ் முழுநேரமாக இருப்பதும் அவற்றில்தான். வாங்குவதானால் அதோடு நிறுத்திக்கொள்ளலாம். மூன்றாம் சீசனின் 16 எபிசோடுகளுக்குக் காப்புரிமை புதுப்பிக்கப்படவில்லை, அதனால் அவை மலிவு டிஸ்க்குகளில் நிறையக் கிடைக்கின்றன. தேய்ந்த பிரதிகளிலிருந்து எடுத்தவை. தொடரின் முகப்பில் வரும் சீட்டி இசைக்கு உரிமை தனி என்பதால் முகப்பில் வேறு ஏதோ ஒரு இசையைப் போட்டிருப்பார்கள். அப்பாவும் மகனும் தூண்டிலோடு நடந்துவரும்போது சீட்டி கேட்கவில்லை என்றால் அந்த டிஸ்க்கைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.